ஏற ஏறக் குறைந்த எடை

என் நண்பர் தன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார். "ஊக்கம் தரும்படி இருக்கட்டும்" என்றார். இத்தனை வருஷம் சி மொழியில் புரோக்ராம் எழுதி ஓய்ந்தவனிடம் ஊக்கம் கேட்பது, எண்ணூர் நெடுஞ்சாலையில் நிலக்கரி லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு நல்ல காற்று தேடுவது மாதிரி. ஆகவே ஊக்கம் இல்லை. ஒரு எடைமேடை இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

சி மொழியில் முழு எண்ணைப் போட்டு வைக்க இன்ட் என்று ஒரு டப்பா உண்டு. அது எவ்வளவு பெரியது என்று உங்களைக் கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், நாலு பைட் என்பீர்கள். உங்கள் மேஜை மேலிருக்கும் கம்ப்யூட்டரில் அது உண்மை. ஆனால் சி மொழி அப்படி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. குறைந்தது இரண்டு பைட் இருக்கும், மீதியை அந்தந்த மெஷினைக் கேட்டுக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் "விருந்து உண்டு" என்று மட்டும் போட்டிருப்பதைப் போல. பிரியாணியா, ரசம் சாதமா என்பது போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். நாலு பைட்டில் இருநூறு கோடிக்கு மேலேயும் எண்ணலாம். இரண்டு பைட்டில் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரைதான். அதற்கு மேல் ஒன்று கூட்டினாலும் எண் புரண்டு மைனஸ் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் போய் விழுந்துவிடும்; அங்கிருந்து கூட்டக் கூடப் பூஜ்யத்தை நோக்கி வரும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆபீசிலும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் நாங்கள் அந்தக் காரியத்தைச் செய்தோம்.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். கீழே கப்பல் கயிறு விற்கும் கடை, மேலே நாங்கள். லாரி எடைமேடைகளுக்கு எடை காட்டும் பெட்டி செய்வது தொழில். நீங்கள் எடைமேடையைப் பார்த்திருக்கமாட்டீர்கள் என்றால்: தரையோடு தரையாக ஒரு நீண்ட இரும்புத் தளம். லாரி அதில் ஏறி நின்றால், பக்கத்து அறையிலிருக்கும் பெட்டியில் சிவப்பு எண்ணில் கிலோ தெரியும். சரக்கோடு ஒரு தடவை, இறக்கிய பிறகு ஒரு தடவை. கழித்தால் சரக்கின் எடை. இந்தக் கழித்தலைச் செய்வதற்குத்தான் எங்களை எல்லாம் பொறியியல் பட்டம் கேட்டு வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

பழைய பெட்டிக்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரே குடியிருந்தது. கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி ஒரு சின்னச் சில்லுக்கு மாறச் சொன்னார். எங்கள் குழுவில் கெட்டிக்கார இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், இப்போது கடல் தாண்டி நல்ல நிலையில் இருக்கிறார். பழைய புரோக்ராமை ஒரு வரிகூட மாற்றாமல் புதுச் சில்லில் ஓடவைத்துக் காட்டினார். ஒரு வரிகூட மாற்றாததற்காக அவரைப் பாராட்டினோம், கேக் வெட்டினோம். பழைய கம்ப்யூட்டரில் இன்ட் நாலு பைட். புதுச் சில்லில் அதே இன்ட், அதே எழுத்து, இரண்டு பைட். புரோக்ராமைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் ஏதோ எச்சரிக்கை சொல்லத்தான் செய்தது. கம்பைலர் எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும், எதிர்வீட்டு டிவி மாதிரி. யார் காதில் வாங்கினோம்?

இந்தப் பிழை நான் செய்ததல்ல. நான் கவனமானவன் என்பதால் அல்ல. அந்த வேலையை எனக்குத் தரவில்லை. புரோக்ராமை இளைஞர்களிடம் விட்டுவிட்டு, பெட்டியை எப்படித் துடைக்க வேண்டும் என்று கையேடு எழுத என்னை வைத்திருந்தார்கள்.

புதுப் பெட்டியை எண்ணூர் பக்கம் ஒரு இரும்பு யார்டில் மாட்டினோம். துறைமுகத்தில் இறங்கும் பழைய இரும்பு அங்கேதான் வந்து குவியும். சோதனைக்குக் காலி டிரெய்லர் ஏற்றினார்கள், சரியாகக் காட்டியது. தண்ணீர் லாரி ஏற்றினார்கள், சரியாகக் காட்டியது. சரக்கோடு ஒரு நீள டிரெய்லரை ஏன் ஏற்றிப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். துறைமுக கேட்டில் நாள் முழுக்க வரிசையில் காய்ந்து, ஒரு வழியாகச் சரக்கோடு வெளியே வந்த டிரைவரிடம் போய், "கொஞ்சம் ஏறி எறங்குப்பா, டெஸ்டிங்" என்று சொல்லிப் பாருங்கள். தமிழில் இத்தனை வார்த்தைகள் இருப்பது உங்களுக்குத் தெரியவரும். தண்ணீர் லாரிக்காரர் சாது. சொன்ன இடத்தில் நின்றார். அது போதும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சில நாளில் யார்டிலிருந்து போன். "உங்க பொட்டி மைனஸ்ல காட்டுதுங்க." நீள டிரெய்லர் ஒன்று ஏறி நின்றதும் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு வந்துவிட்டதாம். கெட்டிக்கார இளைஞர் யோசித்தார். எடை எப்படி மைனஸில் வரும்? வராது. வரக்கூடாத கோடு வந்தால் கோட்டை எடுத்துவிட வேண்டியதுதானே? மைனஸ் குறியை உதறிவிட்டு எண்ணை மட்டும் தருகிற ஃபங்ஷன் சி மொழியில் கைவசம் இருக்கிறது. அதைப் போட்டு ஒரு வரி சேர்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்தது. கோடு போய்விட்டது, யார்டுக்கும் சந்தோஷம். அந்த டிரெய்லரின் எடை துறைமுகத்தில் எடை போட்டுக் கொடுத்த சீட்டில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக வந்தது. கொஞ்சம்தானே?

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துபோவேன். அந்த மைனஸ் கோடு இருக்கிறதே, அதுதான் அந்தப் பெட்டி பேசிய ஒரே உண்மை. "எனக்கு முடியவில்லை" என்று அது கத்தியது. கத்தியதன் வாயைத் துணி வைத்து அடைத்துவிட்டு, அமைதியாகிவிட்டது, குணமாகிவிட்டது என்று நாங்கள் சாப்பிடப் போனோம்.

பிறகு ஒரு நாள் முற்பகலில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கெட்டிக்கார இளைஞர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார்.

"எண்ணூர் யார்டுல ஏதோ திருட்டு கேஸாம். போலீஸ் வந்திருக்கு. நம்ம பொட்டி கரெக்டா காட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம். நீங்க போயிட்டு வந்துடுங்க."

"நானா? எனக்குக் கையேடுதானே சார் தெரியும்?"

"உங்க வீடு திருவொற்றியூர்தான? அப்படியே சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்ல."

தகுதியின் அடிப்படையில் அல்ல, பஸ் ரூட்டின் அடிப்படையில் நான் தேர்வானேன். உங்களுக்கும் இப்படித்தான் பொறுப்புகள் வந்து சேரும், தயாராக இருங்கள்.

யார்டுக்குப் போனபோது எடைமேடை மேல் ஒரு நீள டிரெய்லர் நின்றிருந்தது. விளிம்பு வரை பழைய இரும்பு. அதன் சக்கர நிழலில் டிரைவர் குந்தியிருந்தார். ஏழுமலை என்று பெயர். நாற்பது வயதிருக்கும். வண்டிச் சாவியும் அவருடைய போனும் காவலாளி கையில். நாற்காலி போட்டு உட்கார்ந்து தலைமைக் காவலர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். யார்டு மேனேஜர் என்னைப் பார்த்ததும் உயிர் வந்தவராக எழுந்தார்.

"வாங்க சார். போர்ட் சீட்டுல நாப்பத்தோரு டன். இங்க வந்து நின்னா இருபத்துநாலு. நடுவுல பதினேழு டன் எங்க போச்சு? கேளுங்க இவனை."

"துன்னுட்டேன்" என்றார் ஏழுமலை.

"திமிரப் பாத்தீங்களா ஏட்டையா?"

"பின்ன இன்னா சார்? தண்டையார்பேட்டைல ஒரு டீ, திருவொத்தியூர்ல ஒரு சிக்னல். அதுக்குள்ள பதினேழு டன் இரும்ப ஒருத்தனா எறக்கிப் போட்டுட்டு வந்துகினேனா? நான் இன்னா மன்ஷனா, கிரேனா?"

"நீ ஒருத்தன் இல்லப்பா" என்றார் ஏட்டையா, டீயை ஊதியபடி. "போன வாரம் உன் தோஸ்து தேசிங்கு மாட்டுனான்ல? கூட்டமாத்தான் பண்றீங்க."

மேனேஜர் எனக்கு விளக்கினார். அந்த யார்டுக்கு வருகிற மற்றதெல்லாம் பத்துச் சக்கர லாரி. அவற்றில் ஒரு கிலோ குறைந்ததில்லை. நீள டிரெய்லர் இரண்டுதான், ஒரே டிரான்ஸ்போர்ட். ஒன்றை ஏழுமலை ஓட்டுகிறார், இன்னொன்றைத் தேசிங்கு. தேசிங்கு வண்டியில் முதல் தடவை இரண்டு டன் குறைந்தது, எச்சரித்து விட்டார்கள். போன வாரம் எட்டு டன் குறைந்தது. டிரான்ஸ்போர்ட் முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வியாசர்பாடியில் தேசிங்கு குடியிருக்கும் பிளாக்குக்கே யார்டு ஆட்கள் போய் விசாரித்துவிட்டும் வந்தார்கள்.

"மொதல்ல ரெண்டு, அப்புறம் எட்டு, இப்ப பதினேழு. துணிச்சல் வளந்துகிட்டே போகுது பாருங்க."

"ஆனா வண்டி ரொம்பித்தானே இருக்கு?" என்றேன்.

"மேல பரப்பி வெச்சிருக்கான் சார். உள்ள பொந்து."

ஏழுமலை என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், பொந்து இல்ல சார். உள்ள என் மச்சான் பட்த்துகினு கீறான்."

ஏட்டையா சிரித்துவிட்டார். பிறகு, சிரித்ததற்கு ஈடு செய்வதுபோல, குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். "நீங்கதான மிஷின் கம்பெனி? மிஷின் சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இவனைக் கூட்டிட்டுப் போறேன். வெயில் ஏறுது."

இதுதான் நான் சொல்ல வந்த நிமிஷம். எல்லோரும் உங்களிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்த வார்த்தை தயாராக இருக்கும். சுவரில் முத்திரையோடு எடைச் சான்றிதழ் ஒட்டியிருக்கிறது. பத்துச் சக்கர லாரிகள் அத்தனையும் சரியாக வருகின்றன. முதலாளி "சரி" என்று சொல்லிவிட்டு வரத்தான் அனுப்பியிருக்கிறார். எனக்குப் பசி வேறு. "சரியாக இருக்கிறது" என்று சொல்லாமல் நான் வேறொன்று சொன்னதற்கு அறிவு காரணமல்ல. அந்தப் பெட்டியைத் துடைப்பது எப்படி என்று ஒரு முழு அத்தியாயம் எழுதிய நான், அது எப்படி எண்ணுகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேரம் கடத்துவதற்காக, "ஒரு தடவை இறங்கி, மறுபடி ஏறட்டும்" என்றேன்.

"ஏறுனா மட்டும் இரும்பு முளைச்சிடுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மேனேஜர் சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

எடைமேடை அறைகளில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஏறும்போது யாரும் பெட்டியைப் பார்ப்பதில்லை. வண்டி நின்று, டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் எண்ணைப் பார்ப்பார்கள். ஏறும்போது எண் தாவிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்து என்ன பயன்? நான் அந்த அறைக்குப் புதியவன், வழக்கம் தெரியாது. வேறு எங்கே பார்ப்பதென்றும் தெரியவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிரெய்லரின் முன் சக்கரங்கள் ஏறின. ஐயாயிரம், ஆறாயிரம். அடுத்த சக்கரங்கள். பதினைந்து, இருபது. மெதுவாக ஊர்ந்து வந்தது. முப்பதாயிரம். முப்பத்திரண்டாயிரம். முப்பத்திரண்டாயிரத்து எழுநூறைத் தொட்டது. பிறகு எண் இறங்க ஆரம்பித்தது. ஜன்னல் வழியே பார்த்தேன்: கடைசிச் சக்கரங்கள் அப்போதுதான் மேடைமேல் ஏறிக்கொண்டிருந்தன. பாரம் ஏறிக்கொண்டிருக்கிறது, எண் இறங்கிக்கொண்டிருக்கிறது. முப்பது, இருபத்தெட்டு, இருபத்தாறு. இருபத்துநாலில் வந்து நின்றது. ஏழுமலை ஹாரன் அடித்தார். மேனேஜர் நிமிர்ந்து, "பாத்தீங்களா, அதே இருபத்துநாலு" என்றார்.

முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் என்பது சி மொழி எழுதியவனுக்குச் சொந்த வீட்டுக் கதவு எண் மாதிரி. மேலே போக இடமில்லாமல் எண் புரள்கிறது, புரண்டு மைனஸாகிறது, அந்த மைனஸை நாங்கள் அழித்து வைத்திருக்கிறோம். முப்பத்துநாலு டன் ஏறினால் இரண்டரை டன் குறைந்த மாதிரி தெரியும். பாரம் கூடக் கூட, திருட்டும் கூடும். அதிக இரும்பு கொண்டுவருகிற டிரைவர் பெரிய திருடன்.

சரி, எனக்குப் புரிந்துவிட்டது. ஏட்டையாவுக்கு எப்படிச் சொல்வது? கம்ப்யூட்டர் மைனஸ் எண்ணை எழுதி வைக்கும் முறைக்கு இரண்டின் நிரப்பி என்று பெயர் என ஆரம்பிக்கலாம். அந்தப் பாடத்தில் நானே இரண்டாம் முறைதான் தேறினேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிஷத்தில் ஏழுமலை அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்துவிடுவார்.

"ஏட்டையா, நீங்க கொஞ்சம் அந்த மேடை மேல ஏறி நில்லுங்களேன்" என்றேன்.

"நானா? எதுக்கு?"

"சும்மா. லாரி பக்கத்துல."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஏறினார். நல்ல உடம்பு. பெட்டியில் எண்பத்து ஐந்தோ தொண்ணூறோ கிலோ மாறியது.

"இன்னா சார், கூடிச்சா?" என்று கேட்டபடி ஏழுமலை கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கொறஞ்சிருக்கு" என்றார் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏட்டையா ஏறுனதும் கொறஞ்சிருக்குங்க!"

பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர்களுக்கு இது போதும். ஒருவர் இறங்கி வந்து மேடையில் ஏறினார். குறைந்தது. இன்னொருவர். குறைந்தது. காவலாளி ஏறினார், டீக்கடைக்காரர் கேனோடு ஏறினார்.

"டேய், குண்டு பாபுவ ஏத்துங்கடா, லாரியே காணாமப் பூடும்!"

"மாமு, அல்லாரும் ஏறுனா யார்டே திருட்டுப் பூட்ச்சுன்னு கேஸ் போட்ருவாங்க!"

ஒவ்வொருவர் ஏறும்போதும் ஆபரேட்டர் எண்ணைச் சத்தமாகப் படித்தார். ஒவ்வொரு தடவையும் குறைந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. இறங்கி ஏறி, இறங்கி ஏறி, தனியாகச் சோதித்துப் பார்த்தார். மேடை மேல் நின்றபடியே ஏட்டையா கேட்டார்: "அப்போ பதினேழு டன்னு?"

"எங்கேயும் போகல. வண்டியிலதான் இருக்கு."

அந்த நேரம் பார்த்து என் முதலாளி போன் செய்தார். நான் ஓரமாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாவதானமாகச் சொன்னார்: "புரோக்ராம்னு வாயைத் திறக்காதீங்க. இதே பொட்டி இன்னும் பல எடத்துல போயிருக்கு. உப்புக்காத்துன்னு சொல்லிடுங்க. நான் ராவோட ராவா சரி பண்ணச் சொல்றேன்."

வடசென்னையில் எலக்ட்ரானிக்ஸ் தொழில் செய்பவனுக்குக் கடல் பக்கத்திலிருப்பது பெரிய சகாயம். எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் உப்புக்காற்று. காசிமேட்டிலிருந்து காட்டுப்பள்ளி வரை யாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள். அவரவர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்கள்தானே. நானும் திரும்பி வந்து, களைப்போடு, அதைத்தான் சொன்னேன்: "உப்புக்காத்து சார். சென்சார்ல ஏறியிருக்கும்."

மேனேஜரின் முகம் தெளிந்தது. ஏட்டையாவும் "அதான பாத்தேன்" என்றார். சாவியை ஏழுமலையிடமே விட்டுவிடச் சொன்னார்கள், போனையும் கொடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரிதான் இருந்தது. ஏழுமலை போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"சார், போன வாரம் தேசிங்கு வந்த அன்னிக்கும் உப்புக்காத்து அட்ச்சுதா?"

நான் பதில் சொல்வதற்குள் மேனேஜர் சொன்னார்: "அது எப்படிப்பா சொல்ல முடியும்? அன்னிக்கு மிஷின் நல்லா இருந்திருக்கும். அவன் கேஸு வேற."

உப்புக்காற்றில் இருக்கிற வசதியே அதுதான். அது எப்போது வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கு அடித்தது, அன்றைக்கு அடிக்கவில்லை. ஒருவரை விட்டுவிடவும் இன்னொருவரைத் திருடனாகவே வைத்திருக்கவும் அது தாராளமாக இடம் கொடுக்கும். ஆனால் இரண்டு பைட்டுக்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது. மாட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு கனத்த வண்டிக்கும், ஒரே மாதிரி, அது பொய் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னால்தான் தேசிங்கு மேலிருக்கும் பழி போகும்.

"உப்பு இல்லை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "உப்பு இல்லை சார். எங்க புரோக்ராம். முப்பத்திரண்டு டன்னுக்கு மேல அதால எண்ண முடியாது. மாட்டுன நாள்லேர்ந்தே. தேசிங்கு வண்டியும் இப்படித்தான் குறைஞ்சிருக்கும்."

மேனேஜர் அதற்கப்புறம் என்னிடம் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது. முதலாளி போனில் பேசியதையும். அந்த வருஷம் முடிவதற்குள் எனக்குப் பணி ஓய்வு கொடுத்தார்கள், கேக் இல்லை. இதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் ஊக்கம் பெற்றுவிடக் கூடாது. ஏழுமலை அந்தக் கேள்வியைக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தால், நானும் உப்போடு விட்டுவிட்டு, எதிர்க்கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பேன். நன்றாகத் தூங்கியும் இருப்பேன்.

ஏழுமலை நன்றி சொல்லவில்லை. சரக்கை இறக்கிவிட்டு வந்து தன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு என் முன்னால் நிறுத்தினார்.

"ஏறு சார்."

"எங்க?"

"வியாசர்பாடி. தேசிங்கு வூட்டுக்கு."

"போன்ல சொல்லிடுங்களேன். எனக்கு வீடு திருவொற்றியூர்ல..."

"நான் சொன்னா யாரு சார் நம்புவாங்கோ? காலைலேர்ந்து நானும் திருடன்தான? பொட்டி செஞ்சவங்க நீங்க. நீ வந்து சொல்லு."

பொழுது சாய்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மூன்று மாடி பிளாக். இரண்டாவது மாடியில் தேசிங்கு வீடு. சிறிய புத்தர் படத்துக்குக் கீழே அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். அவர் மனைவி கஸ்தூரி அப்போதுதான் துணிக் கம்பெனி வேலை முடிந்து வந்திருந்தார். தோளில் பை அப்படியே இருந்தது. ஏழுமலை என்னை யாரென்று சொன்னார். நான், வரும் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததை, மெல்லிய குரலில் ஆரம்பித்தேன். கஸ்தூரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு சார். இங்க சொல்லாத."

"ஏம்மா?"

"யார்டுக்காரங்க வந்து கத்துனது கீழ. கொழாவாண்ட நின்னுகினு கத்துனாங்க. மூணு மாடிக்கும் கேட்டுது. அன்னிலேர்ந்து இவருக்கு இரும்பு தேசிங்குன்னு பேரு. எங்கம்மா வூட்ல ஒரு விசேசம், என்னை யாரும் கூப்டல. நீ வூட்டுக்குள்ள வந்து என் காதுல சொல்லிட்டுப் போனா அது யாருக்குக் கேக்கும்? எறங்கு."

இறங்கினேன். குழாயடியில் குடங்களோடு நின்ற பெண்கள், கேரம் ஆடிக்கொண்டிருந்த ஆண்கள், மாடிக்கு மாடி தாழ்வாரத்தில் கம்பிமேல் சாய்ந்த முகங்கள். வாழ்நாளில் நான் எந்தக் கருத்தரங்கிலும் பேசியதில்லை. இன்ட் என்று ஆரம்பித்தேன்.

"இன்னாது, இன்ட்டா?" என்றார் கேரம் ஆடுகிறவர்களில் ஒருவர்.

அதை விட்டுவிட்டேன். "எடை காட்டுற பொட்டிக்குள்ள, எண்ணை வெச்சுக்கிற எடம் சின்னதாப் போயிடுச்சு" என்றேன். "முப்பத்திரண்டு டன்னுதான் அதுல புடிக்கும்."

"புடிக்கலன்னா வழியணும். ஏன் நைனா கொறையுது?" என்றது குழாயடியிலிருந்து ஒரு குரல்.

நியாயமான கேள்வி. யோசித்தேன். "பஸ் கடைசி ஸ்டாப்பிங் வரைக்கும் போகுது. அதுக்கு மேல ரோடு இல்ல. திரும்பி வருது. திரும்பி வர்ற பஸ்ஸை நடு வழியில பாத்துட்டு, இது பாதி தூரந்தான் போயிருக்குன்னு சொல்லிட்டாங்க. அது முழுசாப் போயிட்டு வந்த பஸ்ஸு. இவர் வண்டி கொண்டுவந்தது அத்தனையும் வண்டியிலதான் இருந்துச்சு."

"அப்ப இவரு எடுக்கல?" என்றார் கஸ்தூரி. அவருக்குத் தெரியும், தனக்காகக் கேட்கவில்லை.

"எடுக்கல."

"சத்தமா சொல்லு சார்."

"எடுக்கல!" என்றேன். "மிஷின்ல தப்பு. எங்க கம்பெனி தப்பு. தேசிங்கு ஒரு துண்டு இரும்புகூட எடுக்கல."

மூன்றாவது மாடியில் ஒரு பெண் வீட்டுக்குள்ளே திரும்பி, அடுப்படியிலிருந்த யாருக்கோ சொன்னார்: "நம்ம தேசிங்கு எடுக்கலையாம்டி!"

அதுவரை வாயே திறக்காமல் படிக்கட்டில் நின்றிருந்த தேசிங்கு முற்றத்துக்கு இறங்கி வந்து, தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"'யாம்' இன்னாமே, 'யாம்'?" என்றார். "எடுக்கல."

பிறகு அந்தப் பெண் மறுபடி உள்ளே திரும்பி, அந்த 'யாம்' இல்லாமல், இன்னொரு தடவை சொன்னார்.